பதினொரு நிமிடம்

காவேரிப்பட்டணத்தில் மூடிக்கிடந்த மாம்பழ மண்டியை
தர்மபுரி கலெக்டர் ஆபீஸாக்கியிருந்தார்கள்.
எண்பத்தேழாம் வருஷக் காலண்டர், கறுப்பு டெலிபோன்,
சிவப்பு நாடா கட்டிய வெற்றுக் காகிதக் கட்டுகள்.
தரை மட்டும் ஒத்துழைக்கவில்லை,
ஊறிப்போன மாம்பழப் புளிப்பு அதிலிருந்து
எழுந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டு பக்க வசனம். ஒரே ஷாட்.
கெம்பம்மா வராந்தாவில் தொடங்கி
மூன்று அறை கடந்து கலெக்டர் மேசைவரை
பேசிக்கொண்டே வரவேண்டும்.
ஸ்டெடிகேமை உடம்பில் பூட்டிக்கொண்டு
பின்பக்கமாகவே நடப்பான் ஸ்டீபன்ராஜ்.
அவன் பெல்ட்டைப் பிடித்தபடி ஒரு பையன்,
படிக்கு ஒரு தட்டு, திருப்பத்துக்கு இரண்டு.
நான் பூம் பிடிப்பவன்.
மாங்காய் பறிக்கிற துறட்டிபோல் மைக்கைத் தூக்கிக்கொண்டு
எந்தச் சுவரிலும் நிழல் விழாமல்
கூடவே போகவேண்டும்.
படத்தில் எங்கேயும் இல்லாமல் இருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மே மாதம். சத்தம் ஆகாதென்று ஃபேனை நிறுத்தியாயிற்று.
பக்கத்துக் கிரானைட் பட்டறை
அரை அரை மணியாக மெஷினை நிறுத்த
தடவைக்கு மூவாயிரம்.
முதல் டேக்கில் பாலக்கோடு பஸ்ஸின் ஹாரன்.
மூன்றாவதில் ஃப்ளோரைடு நடிகையின் நாக்கில் புரளவில்லை.
ஐந்தாவதில் ஒன்பதாம் நிமிடம்வரை வந்துவிட்டோம்,
குமாஸ்தாவாக நடித்தவருக்குத் தும்மல்.
யாரும் திட்டவில்லை. அவர்தான் அழுதுவிட்டார்.
ஏழாவதில் என் வலது தோள்பட்டை போனது.
மைக் ஒரு சாண் இறங்கிவிட்டது.

எட்டாவதுதான் அது.
"எங்க ஊர்ப் பிள்ளைங்க பல்லைப் பாருங்கய்யா,
வெத்தலைக் கறை இல்லய்யா அது,
நீங்க போட்டுக் குடுத்த போர்த் தண்ணி"
என்று தொடங்கி
முட்டி வளைந்த பையன்களைப் பேர் பேராகச் சொல்லி
ஒரு மூச்சு பிசகாமல் பேசி முடித்தாள்.
என் ஹெட்போனில் அவள் வளையல்கூட
சரியான இடத்தில் குலுங்கியது.
கட் சொன்ன இயக்குநருக்குத் தொண்டை அடைத்திருந்தது.
கைதட்டினோம். மோர் வந்தது.

மானிட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில்
நிஜக் கெம்பம்மாவின் மகள் ராதாமணி.
பாலக்கோடு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அரை நாள் லீவு.
எப்படியிருக்கிறது என்றார் இயக்குநர்.
வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்:
"நல்லாருக்கு சார்.
ஆனா அம்மாவை இவ்ளோ நேரம் யாரும் பேச விடலை.
ரெண்டாவது வரியிலயே டவாலி
தோளைப் புடிச்சுத் திருப்பிட்டாரு.
மறுபடி போனாங்க, ஐயா சாப்பிடப் போயிட்டாருன்னாங்க.
அடுத்த மாசம் போனாங்க, ஐயா மாத்தலாயிட்டாரு.
நீங்க எடுத்த பேச்சைப் பேசி முடிக்க
அம்மாவுக்கு ஆறு வருஷம் ஆச்சு சார்."

இயக்குநர் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார்,
தொலைத்த சில்லறையைத் தேடுகிறவர்போல.
பிறகு ஒன் மோர் என்றார்.
டம்ளர் வைத்திருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
டவாலி வேஷக்காரரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு
என்னவோ சொன்னார்.

ஒன்பதாவது டேக்.
வராந்தா, முதல் அறை, இரண்டாம் அறை.
பல்லைப் பாருங்கய்யா என்றதும்
ஒரு கை அவள் தோளில் விழுந்தது.
அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
ஸ்டீபன்ராஜ் ஒரு எட்டு பின்னால் வைத்து நின்றுவிட்டான்.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
பத்துப் பக்கம் மிச்சமிருந்த வாய்
திறந்தபடியே இருந்தது.
மைக்கை நான் நகர்த்தவில்லை,
வரும் என்று.

எச்சில் விழுங்கியது கேட்டது.
கூரைத் தகரம் வெயிலில் நெரிந்தது.
அரை மணி தீர்ந்து, பட்டறையில்
கல் அறுக்கத் தொடங்கினார்கள்.
கட் வரவேயில்லை.
கை நடுங்க ஆரம்பித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

எந்த டேக்கை வைத்தார்களோ, படத்தை நான் பார்க்கவில்லை.
அன்றைக்குச் சாயங்காலம் சவுண்ட் ரிப்போர்ட்டில்
ஒன்பதுக்கு நேராக என்ன எழுத என்று
ரெக்கார்டிஸ்ட் கேட்டார்.
வசனம் இல்லை,
கல் அறுக்கும் சத்தம் உண்டு
என்று எழுதச் சொன்னேன்.