இருபத்திரண்டு நிமிடக் கப்பல்

எர்மிந்தா ஓட்டும் லாரியின் ஒரு சக்கரம்
இரண்டு ஆள் உயரம்.
கலாமாவின் தாமிரச் சுரங்கத்தில்
ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு.
அவள் தம்பி நான், சிலோவே தீவில்
சால்மன் கூண்டுகளுக்கு வலை தைக்கிறேன்.
ஒரே நாடுதான்.
நடுவே இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

தொலைபேசியில் எங்களுக்குப் பேச வராது.
"மழையா?" என்பாள்.
"மழைதான். அங்கே?"
"பேருக்குக்கூட இல்லை."
பதில் மாறாத கேள்வியை
எத்தனை வருடம்தான் கேட்பது.
போன மார்ச்சில் அவள்தான் ஆரம்பித்தாள்:
"ஏதாவது விளையாடலாமா, நிக்கானோர்?
கைக்கு வேலை இருந்தால்
வாய் தானாகத் திறக்கும்."

முதலில் பார்த்ததில் டிராகன்கள்.
தொண்ணூறு ஜிபி.
என் கூரைமேல் இருப்பதோ
காற்றடித்தால் கழுத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆன்டெனா.
நான்கு இரவு இறங்கி
எழுபத்தொன்றில் நின்றுபோனது.
டிராகனின் வால்கூடக் கண்ணில் படவில்லை.

அடுத்தது இலவசம் என்றது.
உள்ளே போனால் குதிரைக்குக் காசு,
குதிரை குடிக்கும் தண்ணீருக்குக் காசு,
வரிசையில் முந்தி நிற்கக் காசு.
"இதற்குச் சுரங்கத்துக் கேண்டீனே மேல்" என்றாள்.

இன்னொன்றில் நம் உருவத்தை நாமே செய்ய வேண்டும்.
தாடை, நெற்றி, புருவத்தின் சரிவு என்று
நூறு திருகுகள்.
வனதேவதை ஆகப்போகிறேன் என்று உட்கார்ந்தவள்
விடியும்வரை மூக்கோடு மல்லாடி
கடைசியில் சொந்த மூக்கோடு வந்து நின்றாள்.
பச்சைத் தோல், நீண்ட காது, எங்கள் வீட்டு மூக்கு.
சிரித்ததில் என் ஹெட்செட் கழன்று விழுந்தது.
ஆனால் அங்கே
நாற்பது பேர் கூடினால்தான் ஒரு குகை திறக்கும்.
மெக்ஸிகோவோ பெருவோ, எங்கிருந்தோ ஒரு பையன்
"வைத்தியக்காரி தூங்குகிறாளா?" என்று கத்தினான்.
பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்தவள்.
தூங்கத்தான் செய்தாள்.

இடையில் ஒரு சண்டை.
எனக்குப் பாலைவன ஆட்டம் வேண்டும்:
கொடியில் காய்ந்து விறைக்கும் துணி,
வெடித்த மண், நிழலுக்கு அலையும் பல்லி.
அவளுக்குச் சதுப்பும் காடும்.
"நாள் முழுக்கத் தூசியைத் தின்கிறேன்,
காசு கொடுத்து வேறு தின்பதா?"
"என் காலணிக்குள் காளான் முளைக்கிறது,
அதைப் பற்றிக் கேட்டாயா?"
இரண்டு வாரம் அழைக்கவில்லை.

பிறகு, பேச்சு எதுவும் இல்லாமல், ஒரு சுட்டி வந்தது.
பழைய ஆட்டம். ஆள் குறைவு.
திட்டாதவர் இல்லை:
ஊர்விட்டு ஊர் பாய வழி கிடையாதாம்,
துறைமுகம் விட்டுத் துறைமுகம் போகக் கப்பல்தானாம்,
இருபத்திரண்டு நிமிடம்,
நிஜமான நிமிடம்,
தளத்தில் சும்மா நிற்க வேண்டுமாம்.
ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.
கீழே எர்மிந்தா எழுதியிருந்தாள்:
"இதுதான்."

அவள் ஈட்டிக்காரி.
நான் மீன் பிடிக்கிறேன். சொல்லவே வெட்கம்.
ஏறினோம்.
கடல் என்று ஒரு நீலத் தகடு.
இருப்பது ஒரே அலை,
அதுவே திரும்பத் திரும்ப வந்தது.

ஏழாவது நிமிடத்தில் சொன்னாள்,
போன மாதம் சரிவில் பிரேக் பிடிக்காமல்
வண்டி தானாக இறங்கியதை.
மண்மேட்டில் மோதி நின்றதாம்.
யாரிடமும் சொல்லவில்லையாம்.
நான் தூண்டிலிலிருந்து மீனைக்
கழற்றிக்கொண்டே இருந்தேன்,
கழற்ற ஒன்றுமில்லாத பிறகும்.

"கண் எரிகிறது, மூடிக்கொள்கிறேன்.
கரை வந்தால் சொல்."

கொஞ்ச நேரம் கழித்து:
"மழைச் சத்தத்தை நன்றாகச் செய்திருக்கிறார்கள்.
தகரத்தில் விழுவதுபோலவே."

திரையைப் பார்த்தேன்.
துடைத்துவைத்த வானம்.
அந்த ஆட்டத்தில் மழையே கிடையாது.

மைக்கை மெதுவாக
ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தேன்.