சாட்சி கையொப்பம்

பீன்யா இரண்டாம் கட்டம். இரவு ஷிஃப்ட்.
மூன்றாம் பிரஸ்ஸின் பாதுகாப்பு சென்சாரைக்
கழற்றி வைத்து ஒரு மாதம்.
உற்பத்தி கூடியது.
இன்று சஞ்சித் மாஞ்சியின் இரண்டு விரல்கள்.

அறிக்கை தட்டச்சாகியே வந்தது:
தொழிலாளியின் கவனக்குறைவு.
அடியில் ஒரு கட்டம்: சாட்சி.
குல்கர்ணி பேனாவின் மூடியைக் கழற்றித் தந்தார்.
நல்லவர். என் மகளுக்கு ஃபீஸ் கட்டியவர்.

சாட்சி.
ஞாயிறுதோறும் நான் சொல்வதுதான்.
எழுந்து நின்று, மைக்கைத் தட்டிப் பார்த்து,
கர்த்தர் ஸ்கூட்டர் தந்ததை,
கிருபாவின் கட்டி கரைந்ததை.
அல்லேலூயா என்பார்கள், உட்கார்ந்துவிடுவேன்.
ஒரு பைசா செலவானதில்லை.

ஏற்கெனவே இரண்டு கையெழுத்து.
போன தீபாவளிக்கு முன் ஒன்று,
மார்ச்சில் ஒன்று.
இரண்டு நாளும் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டேன்
சிலுவை வெளியே தெரியாமல்.

பீன்யாவில் சேவல் இல்லை.
ஷிஃப்ட் சைரன்தான், ஐந்தே முக்காலுக்கு.

தைரியம் என்று எதுவும் வரவில்லை.
வயிற்றைக் கலக்கியது,
வீட்டுக்கடன் ஞாபகம் வந்தது,
ஜெபிக்கவும் மறந்துபோனது.
கட்டத்துக்குள் அடங்காமல்
கோணல் எழுத்தில் எழுதினேன்:
சென்சார் இல்லை. எடுக்கச் சொன்னார்கள்.
எடுத்தது நான்.

குல்கர்ணி கண்ணாடியைத் துடைத்தார்,
வெகுநேரம்.
வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்,
ஸ்டார்ட் ஆகவில்லை.

பிறகு சைரன்.
ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று
வாட்ச்மேனிடம் கேட்டேன்.
அவர் முதலில் என் கழுத்தைப் பார்த்தார்,
பிறகு நம்பர் சொன்னார்.