ஒரு தரம் ஆடி

அரியாங்குப்பம் பாலம் இறங்கியதும் வரும்
இரண்டாவது வேகத்தடையில்தான்
கேக்கின் மேல்தட்டு நகர்ந்தது.
வெள்ளை ரோஜாக்கள் பெட்டிச் சுவரில் அப்பிக்கொண்டன.
மணமக்கள் பெயரில் விண்ணரசி மட்டும் மிச்சம்,
மாப்பிள்ளை பாதி.
மஞ்சக்குப்பம் மைதானத்தோரம் வண்டியை நிறுத்தி
கரண்டியால் சமாதானம் செய்துவைத்தேன்.

வண்டி என்னுடையது.
தொண்ணூற்றொன்பது மாடல் எஸ்டீம், கரும்பச்சை.
எனக்கு விற்றவன்
ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை
கிரைண்டரால் அறுத்து எறிந்திருந்தான்.
இரண்டு அங்குலம் தாழ்வு.
முத்தியால்பேட்டைத் தெருவில் நிற்கையில்
மழைநீரில் படுத்து அசைபோடும் எருமை மாதிரி
யாருக்கும் எழுந்து வழிவிடாது.
ஏன் பிடிக்கும் என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
பிடிக்கும்.

சபுருதீன் முன்பக்கத்தை அழுத்தி, கையை எடுத்தார்.
எழுந்தது, விழுந்தது, எழுந்தது,
கொஞ்சம் யோசித்து
இன்னொரு தரம் விழுந்தது.
'நாலு ஸ்ட்ரட்டும் போச்சு மேடம்.'
தண்டில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் மணல் ஒட்டி
ரவை தூவிய தட்டு மாதிரி இருந்தது.
'ஸ்பிரிங்கையும் பழசுக்கே மாத்திடுவோம்.
உயரமும் வந்துடும், கேக்கும் பொழச்சுக்கும்.'

இதையேதான் எல்லாரும் சொல்கிறார்கள்.
வீட்டில் அந்துவான்.
மாவு இறக்க வரும் வேன்காரர்.
கன்னியக்கோயில் செக்போஸ்ட்டில்
வண்டிக்கடியில் குனிந்து பார்த்து
முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்த போலீஸ்காரர்.

மாட்டேன் என்றேன்.

நெல்லித்தோப்புக் கடையில்
நாலு பெட்டிகளைப் பிரித்து வைத்தார்கள்.
முதலாவது கம்பெனி சாமான், விலை குறைவு.
ஆனால் அதன் நீளம்
நிமிர்ந்து நிற்கிற வண்டிக்கு அளந்தது.
என் வண்டியில் அதற்குப் பாதித் தூரம்தான் ஓட்டம்.
ஒவ்வொரு பள்ளத்திலும் அடிமுட்டி
ரப்பரை மென்று துப்பிவிடும் நாலே மாதத்தில்.

அடுத்தது கேஸ் அடைத்தது, விறைப்பு.
'ஈசிஆர்ல கத்தி மாதிரி போவும்க்கா' என்றான் பையன்.
கத்தி கேக்கை வெட்டத்தான் தம்பி,
அதன்மேல் வைத்துக் கொண்டுபோக இல்லை.

பொன்னிறத்தில் மரை போட்டது ஒன்று.
திருகினால் ஏறும், திருகினால் இறங்கும்.
ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன்.
டிசம்பர் முழுக்க பிளம் கேக் விற்றாலும்
இரண்டுதான் வாங்கலாம், வண்டிக்கு வேண்டியது நாலு.
அதோடு எங்கள் உப்புக்காற்று
இரண்டு ஐப்பசிக்குள்
அந்த மரையைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.
கீழே வைத்தேன். திரும்பி ஒருமுறை பார்த்தேன்.

கடைசிப் பெட்டியில் பெயர் அழிந்திருந்தது.
உடல் ஒரு அங்குலம் குட்டை.
கவுண்டரில் நிறுத்தி
முழங்கையால் அழுத்தினேன்.
இடம் கொடுத்தது.
விட்டால் பாய்ந்து வரவில்லை,
எண்ணி எண்ணி வந்தது.
'இதையா?' என்றான் பையன்.

புட்டிங் வெந்ததா என்று பார்க்க
ஊசி குத்த மாட்டேன் நான். தட்டை லேசாக உலுக்குவேன்.
நடுங்கிக்கொண்டே இருந்தால் பச்சை.
அசையவே இல்லையென்றால் முற்றிப்போனது.
ஒரு தரம் ஆடி
நிற்க வேண்டும்.

ஞாயிறு காலை நாலும் மாட்டி முடிந்ததும்
ஃபிரிட்ஜிலிருந்த கேரமல் புட்டிங்கை
சபுருதீன் மடியில் வைத்தேன்.
அவர் சீட்பெல்ட்டைப் போட்டுக்கொண்டு
தட்டை இரண்டு கையாலும் பிடித்தார்,
பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி.

முருங்கப்பாக்கம் தாண்டியது. பாலம்.
முதல் தடையைச் சாய்வாக ஏறினேன்.
இரண்டாவதையும் சாய்வாகத்தான்,
ஆனாலும் வண்டியின் வயிறு
கர்ரென்று ஒரு கோடு கிழித்தது.
பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது.
நான் சாலையைப் பார்க்கவில்லை,
தட்டைப் பார்த்தேன்.

ஆடியது.
நின்றது.

'சைலன்சர் உரசுது மேடம்' என்றார் சபுருதீன்.
உரசட்டும்.
கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார்.
பிறகு, எனக்கு சுகர் இருக்கு என்றார்.
கரண்டி இருக்கா என்றார்.