செல்லூர் அணி, மே மாதம்

பருத்திப்பால் ஆறுது, குடிங்கடா.
எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க.

சகாயம் ரயில்வேக்குப் போயிட்டான். சரி.
இர்ஷாத்தை மஞ்சேரிக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க,
ஆட்டத்துக்கு மூவாயிரமாம்.
நாம குடுத்தது புரோட்டாவும் பஸ் காசும்.
நடுவுல நின்ன ஒச்சப்பன்
துபாயில லிஃப்ட் மாட்டுறான்.

மூணு பேரும் இருந்தப்பதானே
திண்டுக்கல்காரன்கிட்ட நாலு வாங்குனோம்?
சகாயத்தைப் பார்த்து ‘சல்லடை’ன்னு
கத்துனது யாரு, நானா?
சரி, நானும்தான்.

நேத்து வைகை மணல்ல ஒரு பையன்.
கருமாத்தூராம், பேர் கேட்கல.
இடதுகாலால அடிக்கிறான்,
பாலத்துத் தூண்ல பட்டுத் திரும்புறதை
நெஞ்சுல வாங்கி
மறுபடி அதே தூண், அதே கறை மேல.

கோலுக்கு ஆள் இல்லதான்.
ஜூலை வரைக்கும்
தூண் நிக்கட்டும்.