ஒற்று

மூன்று சி என்பது என் பெயர்.
வாட்ச்மேனுக்கு நேபாள் சிஸ்டர்.
இரண்டாம் மாடிப் பிள்ளைகளுக்கு வேறொன்று,
அதைச் சொல்லிவிட்டுப் படியில் சாடி ஓடுவார்கள்.
தபால் பெட்டியில் நானே எழுதி ஒட்டினேன்:
வன்லால்ருவாத்தி.
சாரலில் பாதி கரைந்துபோய்
‘வன்லால்’ மட்டும் நிற்கிறது,
யாரோ சேட்டு வீடு போல.

பார்வதிபுரம் மேம்பாலம்
சன்னலுக்கு நேரே வளைகிறது.
அதற்கப்பால் மலை.
ஐஸ்வாலில் எங்கள் மலைக்கு முடிவு கிடையாது.
இங்கே அது முடிகிறது, கடலுக்குப் பக்கத்தில்,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.
அதைப் பார்ப்பதற்குத்தான்
ஆயிரம் ரூபாய் கூடுதல் வாடகை என்று நினைத்திருந்தேன்.
எதிர்வீட்டுக்கும் அதே மலைதான்,
ஆயிரம் குறைவு.

முதல் வருஷம் எனக்குத் தமிழ் இல்லை.
அந்த வருஷத்தின் தைரியத்தில்
இன்னும் லிஃப்டில் பேசுகிறார்கள்.
“கண்ணு தொறந்திருக்கா அடச்சிருக்காண்ணே தெரியல்ல பாத்துக்க.”
“நாயத் திம்பாளுவளாம். நம்ம டாமிய உள்ள கெட்டிப் போடணும்.”
நான் எண்களைப் பார்த்து நிற்பேன்.
ஒன்று. இரண்டு.
டாமி என் செருப்பை முகர்ந்து வாலாட்டும்.

என் தமிழ் வார்டில் படித்தது.
குத்துதா, கடுக்குதா, உளையுதா,
விட்டுவிட்டு வலிக்குதா?
வலியை விசாரிக்க எனக்கு
இன்றைக்கும் தமிழ்தான் முதலில் வருகிறது.

எழுத்து வந்தது சம்மதப் படிவத்தில்.
குலசேகரத்திலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும்
ராத்திரி பத்தரைக்கு
கண்ணாடியை மறந்து ஓடி வந்தவர்களுக்கு
விரல் வைத்து வாசித்துக் காட்டுவேன்:
மேற்படி சிகிச்சைக்குச் சம்மதிக்கிறேன்.
நடுவில் அந்தச் ‘ச்’.
விட்டுவிட்டால் ஷைனி சிஸ்டர்
ஊசி போடுகிற மாதிரியே கிள்ளுவாள்:
“அங்கன ஒருக்கா நிண்ணுட்டுப் போ பிள்ளே.”

கிறிஸ்துமஸுக்கு அம்மா பெகாங் அனுப்பினாள்.
சோயாவைப் புளிக்கவைத்து
இலையில் பொதிந்து, எட்டு நாள் பயணம்.
கொதித்த கால்மணியில்
நான்கு ஏ கதவு திறந்தது, பிறகு மூன்று பி.
யாரோ கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டார்கள்.
(நான்கு ஏ மொட்டைமாடியில்
நெத்தலி காயப்போடும் நாட்களில்
தக்கலையிலிருந்தெல்லாம் காக்கா வரும்.
அது மணம்.)

மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள்:
“துர்நாற்றம் வீசும் உணவுகள்
சமைப்பதற்கு தடை. – சங்கம்.”

நைட் டூட்டி முடிந்து வந்திருந்தேன்.
பையில் சிவப்புப் பேனா, சார்ட்டில் காய்ச்சல் குறிப்பது.
கோபம் வரட்டும் என்று காத்து நின்றேன்.
கண்ணில் பட்டது வேறு:
‘கு’வுக்கும் ‘த’வுக்கும் நடுவே
பல் விழுந்த இடம் மாதிரி ஒரு இடைவெளி.
கீழிருந்து ஒரு கூம்பு வரைந்து
மேலே எழுதினேன், த்.
சமைப்பதற்குத் தடை.
இப்போது பிழையில்லாமல் என்னைத் தடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.
செயலாளர் தாணுமாலயன்
தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வான நேசையன் சாரை
ஒரு மாதிரி பார்த்தார்.
“நான் இல்ல ஓய்.
ஆனா எழுதினவன் சரியாத்தான் எழுதியிருக்கான்.”
கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள்.
அது பைக்குகளை மட்டும் பார்க்கிறது.
ஒன்று ஏ முதல் நான்கு டி வரை
ஒவ்வொரு வீடாகச் சந்தேகித்தார்கள்,
மூன்று சியைத் தாண்டி.

புதிய தாள் லேமினேட் செய்தது.
அதில் என் ‘த்’ அச்சில் இருக்கிறது.

நேற்று லிஃப்டில் நான்கு ஏ
தன் தங்கச்சியிடம் சொன்னாள், என் தோளுக்கு மேலாக:
“நம்ம பில்டிங்கில ஆரோ நல்லா படிச்ச ஆளு இருக்கு, கேட்டியா.”
மூன்று வந்தது.
கதவு திறந்தது.
“கொஞ்சம் மாறி நில்லுங்கக்கா, எறங்கணும்” என்றேன்.

சாவியைத் தேடி எடுத்தேன்,
பூட்டைத் திறந்தேன்,
செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தேன்.
லிஃப்ட் இன்னும் மேலே போகவில்லை.