தயார் இல்லை

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை
என் சுபாருவுக்கு நல்ல பிள்ளை வேஷம்.

ஃப்ரெஸ்னோவில் செப்டம்பர். ராத்திரி பதினொன்றரை.
கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு
பாட்டரிக்குச் சார்ஜர் மாட்டி
ஸ்டியரிங்குக்கு அடியில் கேபிளைச் செருகி
கம்பெனி எழுதிய பழைய கணக்கை
மறுபடி அதன் தலைக்குள் இறக்குகிறேன்.
என் தம்பி தூவா எழுதியது வேறு கணக்கு:
கொஞ்சம் கூடுதல் பெட்ரோல், கொஞ்சம் கூடுதல் காற்று,
மூன்றாவது கியரில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.
இப்போது அது லாப்டாப்பில்
‘வரி ரசீது 2019’ என்ற பெயரில் படுத்திருக்கிறது.

நூறு சதவீதம் என்றது திரை.
ஒரு தப்பும் இல்லை. ஒரு ஞாபகமும் இல்லை.
அங்கேதான் சிக்கல்.
கன்வெர்ட்டர்? தயார் இல்லை.
ஆக்சிஜன் சென்சார்? தயார் இல்லை.
டேங்க் ஆவி? தயார் இல்லை.
சம்பவத்தன்று ஊரிலேயே இல்லாத சாட்சி போல
நான் எதையும் பார்க்கவில்லை என்கிறது.

பார்க்க வைக்க வேண்டும்.
ராத்திரி முழுக்க ஆறவிட்டு விடியலில் எழுப்ப வேண்டும்.
பெட்ரோல் கால்வாசிக்கு மேல், முக்காலுக்குக் கீழ்.
தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையில்
ஐம்பத்தைந்து, கூடாமல், குறையாமல்.
பிறகு காலை எடுத்து
பிரேக் தொடாமல் வேகம் தானாக வடிய வேண்டும்.
மறுபடி. மறுபடி.

தக்காளி லாரிகள் என்னைத் தாண்டிப் போகின்றன.
ஒருவன் ஹார்ன் அடித்து
நெற்றியில் விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனான்.
சாலை நடுவே மைல் கணக்கில் அரளி.
நாலு வருஷமாய் இதே வழி,
அது பூக்கும் என்று இன்றைக்குத்தான் தெரியும்.
தூவாவின் கணக்கில் இந்தக் கார்
யாரோ துரத்துவது போலவே ஓடும்.
இப்போது பின்னால் யாருமில்லை.

மதேராவுக்கு வடக்கே
மெஷின் பாதாம் மரத்தைப் பிடித்து உலுக்குகிறது,
புழுதி எழுந்து வரிசைகளை மூடுகிறது.
கொடிகளுக்கு இடையே காகிதம் விரித்துத்
திராட்சை காயப் போட்டிருக்கிறார்கள்.
கிழக்கே சியாரா மலை இருக்க வேண்டிய இடத்தில்
பழுப்பு மட்டும்.
யாருடைய புகை இது?
லாரி, பால் பண்ணை, அறுவடைப் புழுதி,
பே ஏரியாவிலிருந்து உருண்டு வரும் காற்று,
கை நீட்ட ஆள் நிறைய.
மூன்றாவது கியரில் இரண்டு நொடி,
அது நான்.

மூன்று நாள். நூற்று நாற்பத்து மூன்று மைல்.

டயர்க் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில்
வாஹாக்னின் புகைச் சோதனை ஷெட்.
வயரைச் செருகுகிறார். மெஷின் கேட்கும், கார் சொல்லும்,
எனக்கு அங்கே வேலை இல்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் படிக்கிறார்.
“ஞாபகத்தை அழித்து நூற்று நாற்பத்து மூன்று மைல்.”
“பாட்டரி மாற்றினேன்.”
“பழசுதானே உள்ளே இருக்கிறது, மிஸ் மூவா.
ஸ்டிக்கரில் ரெண்டாயிரத்துப் பதினேழு.”
நான் டோனட் கடையைப் பார்த்தேன்.

சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலர்.
எடுத்து ஒரு இழுப்பு, மூச்சை அடக்கி
மேஜை மேல் விரலால் பத்து எண்ணினார்.
இன்னொரு இழுப்பு. இன்னொரு பத்து.
பிறகுதான் பேச்சு வந்தது:
“டேங்க் ஆவி இன்னும் தயார் இல்லை.
ஒன்று பாக்கி இருந்தால் சட்டம் விட்டுவிடும்.
பாஸ்.”
பிரிண்டர் காகிதத்தை நீட்டியது.
திட்டவில்லை. திட்டியிருந்தால்
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்றிரவு லாப்டாப்பைத் திறந்தேன்.
‘வரி ரசீது 2019’.
எழுதலாமா? ஆம். இல்லை.
போனில் தூவா: “போட்டாச்சா?”
கேபிளைக் காணோம் என்றேன்.

பத்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
கராஜ் அலமாரி, கட்டிலுக்கு அடி,
பழைய ஷூ டப்பாக்கள்,
ஒரு முறை ஃப்ரிட்ஜின் மேல்கூட.
கிளவ் பாக்ஸை மட்டும் இன்னும் திறக்கவில்லை.