நூற்று இருபத்திரண்டு சென்டிமீட்டர்

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
சரக்கு ரயில் தீரும்வரை போனை மியூட்டில் வைத்திருப்பேன்.
ஐம்பத்தெட்டு பெட்டி. சில நாள் அறுபது.
மறுமுனையில் முகப்பேர் மேடம்
லைன்ல இருக்கீங்களா, இருக்கீங்களா என்கிறார்.

இருக்கிறேன் மேடம்.
இருபத்தேழாம் தேதி வேண்டாம், அவர்களுக்குப் பள்ளி விடுமுறை.
செவ்வாய்க்கிழமை போங்கள்.
வாசல் திறந்ததும் வலதுபக்கம் டிராகன் ரயிலுக்கு ஓடுங்கள்,
ஓடக்கூடாது என்பார்கள், வேகமாய் நடங்கள்.
பத்தரை தாண்டினால் தொண்ணூறு நிமிடம் நிற்க வேண்டும்.

பீரோவுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடும் இடம், அதுதான் ஆபீஸ்.
முதுகுக்குப் பின்னால் நீலத் துணி கட்டியிருக்கிறேன்.
வீடியோ காலில் அது வானம்.
ஃபேனைக் கூட்டினால் வானம் விலகி
அரிசி மூட்டை தெரிந்துவிடும்.
ஆகவே கோடையிலும் இரண்டில்தான் வைக்கிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம்.
சிங்கப்பூரில் எட்டரை, இங்கே ஆறு.
நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.
பெரம்பூர் லோகநாயகி:
"பாப்பாவ காணோம்மா, எல்லாரும் இங்கிலீஷ்லயே சொல்றாங்க."
அழாதீங்க. முன்னாடி என்ன தெரியுது?
"பாப்கார்ன் வண்டி."
என்ன கலர்?
"மஞ்சா."
அதுக்கு இடதுபக்கம் குகை மாதிரி ஒரு வாசல். உள்ள போகாதீங்க.
ஒட்டினாப்போல பச்சைக் கதவு இருக்கும், தட்டுங்க.
தொலைஞ்ச பிள்ளைங்கள அங்கதான் உக்கார வைப்பாங்க.

பச்சைக் கதவுக்குப் பின்னே
பாப்பா ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாளாம்.
என் கையில் செதிலும் ரத்தமும்,
காதுக்கும் தோளுக்கும் இடையில் போன்.
கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு லோகநாயகி கேட்டார்:
"நீங்க எத்தினி வாட்டிம்மா வந்துருக்கீங்க இங்க?"

நல்லவேளை ரயில் வந்தது.
கேக்கல மேடம், ட்ரெயின் சத்தம்.

பாஸ்போர்ட் இருக்கிறது, கம்பெனி கேட்டதால் எடுத்தேன்.
ஏழு வருஷமாக
கேஸ் ரசீதுகளைச் சலவைபோட்டாற்போல் தட்டையாய் வைத்திருக்கிறது.

எங்கள் சுவரில் பகத்தின் உயரம் பென்சில் கோடுகளாய் நிற்கும்.
பிறந்தநாளுக்குப் போட்டவை இல்லை.
தொண்ணூறு: சுழலும் கோப்பை.
நூற்றிரண்டு: குட்டி டிராகன்.
நூற்றேழு: நீர்ச்சறுக்கு, பெரியவர் துணையுடன்.
அதற்குமேல் ரொம்ப நாள் ஒரு கோடும் இல்லை.
வாரம் ஒருமுறை தலையில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு
வந்து நின்றுவிடுவான்.
குதிகாலைத் தூக்காதடா.
"தூக்கலம்மா."
தூக்கியிருப்பான்.

இன்று காலை தூக்கவில்லை.
நூற்று இருபத்திரண்டும் ஒரு நூலளவும்.
"எல்லாத்துலயும் ஏறலாம் இல்ல?"
ஏறலாம்.
"தனியாவே?"
தனியாவே.
வேறெதுவும் அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கணக்குச் சொல்லியிருப்பேன்:
மே மாதம் அவர்கள் போய்வந்தால்தான் ஜூனில் கமிஷன்,
ஸ்கூல் பீஸ் ஏப்ரலிலேயே கட்டவேண்டும்,
ஹார்பரில் உன் அப்பாவுக்கு
இந்த மாதமும் பத்தொன்பது ஷிப்டுதான்.

தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்.
ஜன்னலுக்குக் கீழே வரிசை வளைந்து
இஸ்திரி வண்டியைத் தாண்டிப் போகிறது.
கடைசியில் நின்று, முன்னால் எண்ணிப் பார்த்து,
என்னை நோக்கிக் கத்தினான்:
"ம்மா, இங்கேருந்து நாப்பது நிமிஷம்!"
முன்னாலிருந்த தனபாக்கியம் திரும்பிப் பார்த்து,
உனக்கு யார்ரா சொன்னது என்று கேட்பது
மூன்றாவது மாடிவரை கேட்டது.

அட்டவணை நூற்று இருபத்திரண்டோடு முடிகிறது.
அடுத்த கோட்டுக்கு என்ன பெயர் எழுதுவதென்று
பென்சிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
போன் அடிக்கிறது. மறுபடி முகப்பேர்.
துணியைச் சரிசெய்கிறேன்.
சொல்லுங்க மேடம்.
பையன் என்ன உயரம்?